ஒளியை ஒளி இழுக்குமா?

சூரியன் ஒளியை வளைக்கிறது, சரி, பதிலுக்கு ஒளியும் எதையாவது ஈர்க்குமா என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். ஈர்க்கும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் நிறை மட்டுமல்ல, ஆற்றல் எந்த வடிவில் இருந்தாலும் ஈர்ப்பு உண்டு. சூரியன் நொடிக்குச் சுமார் 40 லட்சம் டன் நிறையை ஒளியாக வெளியே அனுப்புகிறது. அந்த ஒளி தனக்கான ஈர்ப்பையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போகிறது.

அப்படியானால் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் போகும் இரண்டு ஒளிக்கற்றைகள் மெல்ல நெருங்க வேண்டுமே? 1931-ல் டோல்மன், எரன்ஃபெஸ்ட், பொடோல்ஸ்கி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விடை பூஜ்ஜியம்! எதிரெதிர்த் திசையில் போனாலோ, கற்றைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும் பொருள் உணரும் இழுப்பைப் போல 4 மடங்கு.

ஒரே திசையில் ஏன் பூஜ்ஜியம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விண்வெளியில் அருகருகே விட்ட இரண்டு கற்கள் ஒன்றையொன்று இழுத்து ஒரு மணி நேரத்தில் முட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஜோடி ஒளிவேகத்தில் 99.5 சதவீத வேகத்தோடு சேர்ந்தாற்போல நம்மைக் கடந்து போனால், வேகமாகப் போகும் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடும் என்பதால், அவை முட்டிக்கொள்ள நம் கணக்கில் சுமார் 10 மணி நேரம் ஆகும். வேகம் இன்னும் கூடக்கூட அது 100 மணி நேரம், 1000 மணி நேரம் என்று நீண்டுகொண்டே போய், ஒளிவேகத்தின் எல்லையில் அந்த மோதல் நடக்கவே நடக்காது. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குவது போல, ஓடும் ஆற்றலும் ஈர்ப்பில் காந்தம் போன்ற ஒரு பகுதியை உண்டாக்குகிறது. ஒரே திசையில் ஓடும்போது அது விலக்கி, ஈர்ப்பை முழுக்க ஈடுகட்டிவிடுகிறது. எதிர்த்திசையில் ஈர்ப்போடு சேர்ந்துகொள்கிறது.

இதை அளக்க இன்றுவரை கருவி இல்லை, அவ்வளவு சிறிய விளைவு. "பயன் என்ன" என்று கேட்டுத்தான் நிதி கொடுப்போம் என்றால் இப்படிப்பட்ட கேள்விகளைத் தொட ஆளே இருக்காது, அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

அப்புறம், ஒளியை மட்டுமே திணித்துக் கருந்துளை செய்யலாமா? முடியாது என்கிறது ஸ்பெயின், கனடா ஆய்வாளர்களின் 2024 ஆய்வு. மின்புலம் மீட்டருக்கு 10-இன் 18-ஆம் அடுக்கு வோல்ட் அளவை எட்டும்போதே, வெற்றிடத்திலிருந்து எலக்ட்ரான்களும், அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் ஜோடி ஜோடியாகக் கிளம்பி, திரட்டிய ஆற்றலையும் அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடுகின்றன. ஈர்ப்பு பிடித்து வைக்கும் அளவுக்கு ஒளி அங்கே சேரவே முடிவதில்லை.