தட்டுச் சட்டியைக் கடைசியில் வாங்குங்கள்: பெங்களூரு பால்கனியில் போன்சாய்

பிறந்தநாளுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பரிசாக வரும் போன்சாயை எல்லோரும் பார்த்திருப்போம். பருத்த கிழங்கு வேர், அதன் தலையில் ஒட்டுக்கட்டிய நாலு கொத்து இலை, பளபளக்கும் சின்னச் சட்டி, மேலே பசை போட்டு ஒட்டிய வெள்ளைக் கூழாங்கல். 'ஜின்செங் ஃபைகஸ்' என்று விற்கிறார்கள். ஹாலில் டீப்பாய் மேல் வைத்து, தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, சில மாதங்களில் இலையெல்லாம் கொட்டியதும் "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் செடி சாவதற்கான காரணங்களில் பாதி, கடையிலிருந்தே கூட வந்தவை.

ஒட்டிய கல், தண்ணீர் சீராக இறங்க விடாது. அடியில் இருப்பது களிமண் அல்லது வெறும் தென்னை நார்க்கழிவு. சில சட்டிகளில் ஓட்டையே இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வெளிச்சம். ஃபைகஸ் என்றால் ஆல், அரசு, அத்தி வகையறா. வெயிலில் நிற்கும் மரம் அது. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஹால், அதன் இலைக்குப் பட்டினிதான். தினமும் குறைந்தது 4 மணி நேரம் நேர்வெயில் படுகிற பால்கனி வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் உண்டென்றால், அடுக்குமாடிச் சங்கத்தில் பேசி மொட்டை மாடியில் இடம் வாங்கிய பிறகு செடி வாங்குவது நல்லது.

இடம் கிடைத்துவிட்டால் பெங்களூரைப் போல இதற்குத் தோதான ஊர் குறைவு. சுமார் 900 மீட்டர் உயரம், உறைபனி இல்லை, கோடையும் சென்னை அளவுக்குச் சுடாது. டிசம்பர், ஜனவரியில் வளர்ச்சி மந்தமாகும். மற்ற மாதங்களில் ஃபைகஸ், புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, ஜேட் எல்லாம் நன்றாகத் தளிர்க்கும். நம் பக்கத்துப் புதர்க்காடுகளில் கிடக்கும் குருவிச்சியும் அருமையான போன்சாய் மரம். நர்சரியில் அதை ஃபுக்கியன் டீ என்று கேட்க வேண்டும். முதல் மரமாக ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் வேண்டாம். வேர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். என்ன தவறு செய்தோம் என்று தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

பணம் எங்கே போக வேண்டும்

அடிமரத்துக்கு. முதல் வருடம் போடுகிற காசு அதற்குத்தான் போக வேண்டும். லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் பையில் வளர்ந்த ஃபைகஸ் செடி ஏறக்குறைய 150 முதல் 400 ரூபாய்க்குக் கிடைக்கும். இலையைப் பார்த்து வாங்காதீர்கள். மேல்மண்ணை இரண்டு விரலால் விலக்கி, அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வேர்கள் நாலாபக்கமும் விரிந்து இறங்கியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம் வேர் என்றாலோ, ஒரு வேர் இன்னொன்றைச் சுற்றிக்கொண்டிருந்தாலோ அடுத்த பையைப் பாருங்கள். கிளை எப்போது வேண்டுமானாலும் வரும். கோணலான வேர்ப்பிடிப்பைச் சரிசெய்ய வருடக்கணக்கில் ஆகும்.

ஆரம்பிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்: பென்சில் கனத்தில் இருக்கும் செடியை அழகான, ஆழமில்லாத பீங்கான் தட்டுச் சட்டியில் நட்டுவிடுகிறார்கள். தட்டில் வேருக்கு இடமில்லை, மேலே கிளையையும் வெட்டிக்கொண்டே இருப்போம்; பிறகு மரம் எப்படிப் பருக்கும்? பத்து வருடம் ஆனாலும் பென்சில் கொஞ்சம் தடித்த பென்சிலாகும், அவ்வளவுதான். அடிமரம் பருக்க வேண்டுமானால் 10 அல்லது 12 அங்குல வளர்ப்புச் சட்டியில் இரண்டு மூன்று வருடம் தாராளமாக வளரவிட வேண்டும். கீழ்க்கிளை ஒன்றை வெட்டாமல் ஓடவிட்டால் அதற்குக் கீழே உள்ள அடிமரம் வேகமாகக் கனக்கும். வேண்டிய கனம் வந்ததும் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். மரத்தின் உயரம் அடிமரக் கனத்தைப் போல ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்கு முதிர்ந்த மரமாகத் தெரியும். 4 செ.மீ. கனம் என்றால் 24 செ.மீ. உயரம். அந்தக் கட்டம் வரும்போது தட்டு வாங்குங்கள்: நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரக் கனம் அளவு.

செடி, வளர்ப்புச் சட்டி, மண் கலவை, அலுமினியக் கம்பி, ஒரு நல்ல கத்தரி எல்லாம் சேர்த்து முதல் வருடச் செலவு பெரும்பாலும் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். கிளையைக் குழிவாக வெட்டும் கட்டர் நல்ல கருவிதான். ஆனால் பெரிய கிளை வெட்டும் வேலை வரும்போது வாங்கினால் போதும்.

காசே இல்லாமலும் மரம் கிடைக்கும். பழைய கட்டடச் சுவரிலும் மழைநீர்க் குழாய் இடுக்கிலும் முளைக்கும் அரசும் ஆலும் எப்படியும் பிடுங்கி எறியப்படுபவை. கட்டட உரிமையாளரிடம் கேட்டு, ஜூன் மழை தொடங்கியதும் வேரோடு நெம்பி எடுத்து, மேலே பாதிக்கு வெட்டி, இரண்டு மாதம் நிழலில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காட்டு நிலத்தில் தோண்டி எடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது சட்டப்படி குற்றம்.

மண்ணில்தான் பாதி வேலை

நுண்ணிய மண்ணில் தண்ணீர் முழுவதும் வடியாது. அடியில் ஒரு அடுக்கு ஈரம் தேங்கியே நிற்கும். சட்டி ஆழமாக இருந்தாலும் ஆழமில்லாவிட்டாலும் அந்த அடுக்கின் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 3 செ.மீ. தேங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. சட்டியில் அது சின்னப் பகுதி, 5 செ.மீ. தட்டில் பாதிக்கு மேல். அந்தப் பாதியில் காற்றில்லாமல் வேர் அழுகும். தொட்டியில் செழித்த செடி, அதே தோட்ட மண்ணோடு தட்டுக்குப் போனதும் சாவது இதனால்தான். அடியில் ஜல்லி பரப்பினாலும் தேங்கும் அடுக்கு கொஞ்சம் மேலே ஏறுமே தவிர மறையாது. மொத்தக் கலவையும் மணி மணியாக இருப்பதுதான் ஒரே தீர்வு.

சூளையில் சுட்ட செங்கல்லை உடைத்துச் சலித்தது 2 பங்கு, உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. நம் பால்கனிகளுக்கு இது போதும். செங்கல் மணிகள் உளுந்து அளவு முதல் பட்டாணி அளவு வரை இருக்கட்டும். அதைவிடப் பொடியானதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போடுங்கள். கட்டடம் கட்டும் இடத்தில் கிடைக்கிறதே என்று சிமென்ட் பிளாக்கை உடைத்துப் போடாதீர்கள்; அதிலுள்ள சுண்ணாம்பால் இலை வெளுக்கும். எம்-சாண்டும் வேண்டாம், அதில் தூள் அதிகம்.

மாற்றி நடுவதற்குப் பிப்ரவரி கடைசி முதல் ஜூன் வரை நல்ல காலம். ஓட்டைகளின் மேல் வலை வைத்து, அதன் வழியே ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். செடியை வெளியே எடுத்து, மழுங்கிய குச்சியால் வெளி ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து வேர்களைச் சீவிப் பிரியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டும்போது வழியும் பாலை ஈரத்துணியால் ஒற்றுங்கள். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கலவையின் மேல் செடியை வைத்து, அந்தக் கம்பியால் வேர்க்கட்டைச் சட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் நுனி வேர்கள் தினமும் அறுபடும், செடி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பிறகு கலவையைப் போட்டு, உள்ளே வெற்றிடம் இல்லாமல் குச்சியால் குத்தி இறக்கி, அடியில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றுங்கள். மூன்று வாரம் நிழல், ஆறு வாரத்துக்கு உரம் இல்லை.

கிளையை வேண்டிய வடிவத்துக்கு வளைக்கக் கம்பி கட்டுவது பார்க்கக் கடினமாகத் தெரியும், கை பழகிவிட்டால் இந்தப் பொழுதுபோக்கிலேயே இதுதான் சுகமான வேலை. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக் கனமுள்ள அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்ற வேண்டும். ஒரே கம்பியால் அக்கம்பக்கத்து இரண்டு கிளைகளைச் சுற்றினால் ஒன்றுக்கு மற்றது பிடிமானமாக இருக்கும். வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கம் கம்பி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பட்டை விரியும். ஃபைகஸ் வேகமாகப் பருப்பதால் ஆறு வாரத்திலிருந்தே கம்பி பதிகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். பதியத் தொடங்கியதும், சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். பிரித்தால் கிளை முறியும்.

தண்ணீரும் ஊருக்குப் போவதும்

'தினமும் காலையில்' என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைத்து, எடுத்துப் பாருங்கள். நுனி ஈரமாக இருந்தால் அன்று வேண்டாம். வெளிறத் தொடங்கியிருந்தால் அடியில் வழியும் வரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊற்றுங்கள். ஏப்ரலில் தட்டுச் சட்டிக்கு ஒரு நாளில் இரண்டு முறையும் தேவைப்படும். காவிரித் தண்ணீர் நல்லது. போர்வெல் தண்ணீர்தான் என்றால் சட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும்; மழைநீர் பிடித்து வைத்து மாதம் ஒன்றிரண்டு முறை தாராளமாக ஊற்றி உப்பை இறக்குங்கள். ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை ஊற்றவே கூடாது.

பெங்களூருத் தமிழ் வீடுகளில் போன்சாய்க்கு ஆபத்தான காலம் பள்ளி லீவு. குடும்பத்தோடு திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஒரு வாரம் போய்த் திரும்பினால் தட்டில் இருப்பது காய்ந்த குச்சி. பெரிய பிளாஸ்டிக் டப்பின் அடியில் ஓட்டை போட்டு, ஈர மணல் நிரப்பி, சட்டியை விளிம்பு வரை புதைத்து நிழலில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துத்தான் போக வேண்டும். அந்தக் குச்சிப் பரிசோதனையையும் சொல்லிக் கொடுங்கள்.

மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். ஃபைகஸ் இலை நடுவில் மடிந்து மூடியிருந்தால் உள்ளே இலைப்பேன். அந்த இலையைக் கிள்ளி எறிவதே சுலபம்.

மரத்தைக் குட்டையாக்கி வதைக்கிறோமோ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டும். சரியாகக் கவனித்த போன்சாய் பட்டினி கிடப்பதில்லை; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய வேர் போய்ப் புது வேர் வருகிறது, வளரும் மாதங்களில் பதினைந்து நாளுக்கொரு முறை உரமும் கிடைக்கிறது. வதைபடுவது, வெயில் பார்க்காமல் டீப்பாய் மேல் நிற்கும் மரம்தான்.

லால்பாக்கில் போன்சாய்க்கென்று தனித் தோட்டம் இருக்கிறது. மைசூருவில் அவதூத தத்த பீட ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் ஒரு நாள் பயணத்துக்கு ஏற்றது. போனால் குனிந்து, மரத்தின் கண்மட்டத்தில் பாருங்கள். முதலில் வேர்ப்பிடிப்பு, பிறகு அடிமரம் மேலே போகப்போக எப்படி ஒடுங்குகிறது என்பது, கடைசியில் முதல் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது என்பது. ஒரு மரத்தையாவது நோட்டில் வரைந்துகொண்டு வாருங்கள். அடுத்த முறை நர்சரியில் பையைத் தூக்கிப் பார்க்கும்போது எதை வாங்க வேண்டும் என்று அந்தப் படம் சொல்லும்.