காய்ச்சினால் மருந்து போகாது, அண்ணே

மலேசியாவில் பினாங்கின் செபராங் பிறை பக்கம் மாடு வளர்க்கும் நம் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போன வாரம் மறுபடியும். மடி வீங்கிய பசு, என்னைக் கூப்பிடும் முன்பே பக்கத்துக் கொட்டகையில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டாயிற்று, அன்று மாலைப் பாலும் வழக்கம்போல வாடிக்கை வீடுகளுக்குப் போயாயிற்று. கேட்டால், "வீட்ல காய்ச்சித்தானே குடிப்பாங்க டாக்டர்!"

காய்ச்சினால் கிருமி சாகும், சரி. ஆன்டிபயாடிக் என்ன கிருமியா, சாவதற்கு? பெனிசிலின் கொதியில் கொஞ்சம் சிதையலாம், பெரும்பகுதி பாலிலேயே கிடக்கும். மூன்று முறை பொங்க விட்டாலும், மஞ்சள்தூள் போட்டாலும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் அதேதான். அந்தப் பாலில் உறை ஊற்றினால் பல சமயம் தயிர் சரியாக உறையாது, ஏனென்றால் உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவையே மருந்து தடுத்துவிடுகிறது. (உறைந்துவிட்டால் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை, இதையே பரிசோதனை ஆக்கிவிடாதீர்கள்!) பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று பால் ஊற்றுபவருக்குத் தெரியுமா?

இன்னொரு சாமர்த்தியம்: மருந்து ஏற்றிய காம்பை விட்டுவிட்டு மற்ற மூன்றில் கறந்து விற்பது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். அந்தப் பசுவின் பால் மொத்தமும் கீழேதான். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், கடைசி டோஸிலிருந்து எண்ணுங்கள். கீழே ஊற்ற மனசு வராமல் கன்றுக்குக் கொடுப்பதும் வேண்டாம், மருந்துக்கு அடங்காத கிருமியைக் கன்றின் குடலிலேயே வளர்க்கிறீர்கள்.

குறைந்த டோஸ் போட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்து என்பதால்தான் 2019-இல் மலேசியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. நம் கொட்டகையில் இன்னும் மிச்ச ஊசி!

மடி சுடுகிறதா, பால் திரிந்து கட்டி கட்டியாக வருகிறதா, உடனே கூப்பிடுங்கள். ஊசிக்கு முன்னால் காம்பைத் துடைத்து, முதல் பீச்சுகளை விட்டு, சுத்தமான குப்பியில் கொஞ்சம் பால் பிடித்து ஐஸில் வையுங்கள். மருந்து போட்டபின் எடுத்த பாலில் லேப் பரிசோதனையில் பெரும்பாலும் கிருமி ஒன்றும் வளராது, அப்புறம் "டாக்டருக்கே தெரியல" என்பீர்கள். வலி குறையவும் ஒரு ஊசி கேளுங்கள், தயவுசெய்து. உதைக்கிறது என்று அந்தப் பசுவை அடிக்கிறீர்களே, மடி வலிக்காமலா உதைக்கும்?