கடைசிப் பெட்டியில் யார் இருக்கிறார்?

சித்திரை பிறந்தால் மதுரையில் பொருட்காட்சிக் காலம். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகும் ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பிறகு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊர் ஊராகத் திருவிழாக்களுக்கு அதே சாமான்கள் லாரியில் போகும். ஜெயண்ட் வீலில் பிள்ளையை ஏற்றும்போது பெற்றோருக்கு ஒரு பயம் இருக்கிறது. கம்பியை ஆட்டிப் பார்க்கிறார்கள், "பெல்ட் போட்டாச்சாப்பா?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள். குட்டி ரயில் என்றால் அந்தப் பயம் போய்விடுகிறது. தரையில் ஓடுவதுதானே என்று சின்னக் குழந்தையைக்கூடத் தனியாக உட்காரவைத்துவிட்டு, கைபேசியில் படம் பிடிக்கத் தள்ளி நிற்கிறார்கள்.

நான் ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பொருட்காட்சி, பூங்கா, பள்ளி விழா என்று குட்டி ரயில் ஓடும் இடங்களுக்கு இயந்திர ஆய்வுக்காகக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்க்கிறேன். ராட்டினக்காரர்களுக்குத் தங்கள் சாமான் ஆபத்தானது என்று தெரியும், அதனால் ஓரளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். ரயில் ஓட்டுகிறவர்களிடம் அந்த எண்ணமே பெரும்பாலும் இல்லை. "சார், இது குழந்தைங்க வண்டி சார், இதுல என்ன இருக்கு?" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில்.

இதில் என்ன இருக்கிறது என்பதை நூறு வருடத்துக்கும் மேலாக யோசித்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த உழைப்பில் குட்டி ரயில் ஓட்டிய ஆர்வலர்கள். அவர்களுடைய வரலாற்றை நம் ஊர் பொருட்காட்சிக்காரர்களும் பெற்றோரும் தெரிந்துகொண்டால் நல்லது.

தொடக்கம் இங்கிலாந்து. டெர்பிஷயரில் டஃபீல்ட் பேங்க் என்ற தன் வீட்டுத் தோட்டத்தில் 1874-ல் சர் ஆர்தர் ஹேவுட் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார். அதற்கு முன்பே 9 அங்குல இடைவெளியில் தண்டவாளம் போட்டு, அதில் ஆள் ஏறினால் வண்டி நிலையாக நிற்பதில்லை என்று கண்டிருந்தார். அதனால்தான் 15 அங்குலத்துக்கு, அதாவது 381 மில்லிமீட்டருக்குப் போனார். இன்றும் உலகம் முழுவதும் 15 அங்குலம் ஒரு தனி வகையாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் 1927-ல் திறந்த ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில் அந்த அளவில்தான் இன்னும் ஓடுகிறது. ஆள் ஏறினால் வண்டி சாயுமா என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பணக்காரர் தோட்டத்திலிருந்து சாதாரண ஆட்களின் கைக்கு இது வந்தது கிளப்புகளால். 1898-ல் லண்டனில், சின்ன மாதிரி இயந்திரங்கள் செய்யும் ஆர்வலர்களின் சங்கம் ஒன்று தொடங்கியது. ஃபிட்டர், குமாஸ்தா, கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று பலதரப்பட்டவர்கள் வீட்டுக் கொட்டகையில் லேத் வைத்து இன்ஜின் செய்தார்கள். 1920-களில் அவர்களுக்குள் ஒரு பெரிய வாதம் நடந்தது: இவ்வளவு சின்ன இன்ஜினில் நிஜமாகவே நிலக்கரி போட்டு எரித்து ஆளை இழுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய முன்னாள் ரயில்வேக்காரர். தண்டவாளங்களுக்கு இடையே வெறும் இரண்டரை அங்குலம் இருந்த பாதையில் அவருடைய இன்ஜின் வளர்ந்த ஆளை இழுத்தது. அதன் பிறகு மூன்றரை அங்குலம், ஐந்து அங்குலம், ஏழே கால் அங்குலம் என்ற அளவுகள் நிலைத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊருக்கு ஊர் பூங்காக்களில் கிளப்புகள் பாதை போட்டு, ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களை ஏற்றி, டிக்கெட் காசில் நிலக்கரியும் இரும்பும் வாங்கின.

சிறிய அளவுகளுக்குத் தரையிலிருந்து உயர்த்திய பாதைதான் பல இடங்களில் போட்டார்கள். பயணி குதிரைமேல் உட்காருவதுபோலக் கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, தண்டவாளத்துக்கும் கீழே இருக்கும் மிதிபலகையில் வைத்துக்கொள்வார். எடை கீழே இறங்குவதால் சாய்வது குறைகிறது.

1950-ல் வேல்ஸ் நாட்டில் வேறொன்று நடந்தது. டாலிலின் என்ற பழைய குறுகிய பாதை ரயிலின் உரிமையாளர் இறந்ததும் அது மூடப்படும் நிலை வந்தது. ஆர்வலர்கள் சங்கமாகக் கூடி அதை ஏற்று, 1951 மே மாதம் வண்டி ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் காப்பாற்றி நடத்திய உலகின் முதல் ரயில் அதுதான். ரேவன்கிளாஸ் என்ற ஊரின் 15 அங்குல ரயில் 1960-ல் ஏலத்துக்கு வந்தபோதும் ஆர்வலர்கள் சேர்ந்து அதை மீட்டுக் காப்பாற்றினார்கள்.

ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் சம்பவம் வால்ட் டிஸ்னியுடையது. அவர் தன் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுத் தோட்டத்தில் 1950-ல் ஏழே கால் அங்குலப் பாதை போட்டு, நீராவி இன்ஜின் ஓட்டி, வருகிற விருந்தினர்களை ஏற்றினார். 1953-ல் விருந்தினர் ஒருவர் இன்ஜினை ஓட்டி, வளைவில் வேகமாகப் போய்த் தடம்புரளச் செய்தார். விசில் உடைந்து பீறிட்ட நீராவி ஒரு சிறுமியைச் சுட்டது. டிஸ்னி அந்த ரயிலையே நிறுத்திவிட்டார். பாதை நன்றாகத்தான் இருந்தது, இன்ஜினும் திறமையானவர்கள் செய்தது. பழக்கமில்லாத கை கைப்பிடியைப் பிடித்ததுதான் காரணம். தன்னார்வலர் கிளப்புகளில் புது உறுப்பினர் இன்ஜின் பக்கம் போவதற்கு முன் பாதையில் புல் பிடுங்கி, தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றி, கார்டாக நின்று, பிறகு தேர்ச்சி பெற்றவரின் பக்கத்தில் உட்கார்ந்து பழகி, கிளப் கையெழுத்திட்ட பிறகே தனியாக ஓட்ட முடியும். நம் பொருட்காட்சிகளில் டிக்கெட் கிழிக்கும் தம்பி சாப்பிடப் போன டிரைவருக்குப் பதிலாக ஏறி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாய்லர் விஷயத்தில் அந்தத் தன்னார்வலர் கிளப்புகள் வைத்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. இன்ஜினைச் செய்தவரே அதன் பாய்லருக்குச் சான்று தர முடியாது. கிளப் நியமித்த வேறொருவர் பார்க்க வேண்டும். புது பாய்லரில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒன்றரை மடங்கு. தண்ணீர் அமுங்காது என்பதால், சோதனையில் பாய்லர் கிழிந்தாலும் வெடிக்காமல் கசிந்து நின்றுவிடும். நம் நாட்டில் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவற்றைப் பிடிப்பதில்லை. பிரிட்டனிலும் 350 மில்லிமீட்டருக்குக் குறைந்த தண்டவாள இடைவெளி ரயில்வே சட்டங்களுக்கு வெளியே நிற்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தில், தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தத் தன்னார்வலர்கள்.

நம் பொருட்காட்சியில் நீராவி கிடையாது. டீசல் இன்ஜின் அல்லது மோட்டார். ஆனால் பிரேக் விஷயம் எல்லாருக்கும் ஒன்றுதான், இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் அர்மா என்ற ஊரில் 1889 ஜூன் 12-ம் தேதி ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன பெரிய ரயில் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றி விட்டுவிட்டு மீதியை மேலே கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த வண்டியின் பிரேக், பெட்டிகளுக்கு இடையே ஓடும் பிரேக் குழாயைக் கழற்றினால் பிடியை விட்டுவிடும் வகை. கழற்றிய பெட்டிகளைப் பிடிக்கக் கடைசியில் ஒரே ஒரு கைப்பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த கற்களும்தான் இருந்தன. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், பலர் பிள்ளைகள். அதே வருடம் பிரிட்டனில் சட்டம் வந்தது: பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் அது தானாகப் பிடிக்க வேண்டும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் தொட்டுப் பழகியது இந்தத் தத்துவத்தைத்தான். காற்றை உறிஞ்சி எடுத்து இயங்கும் வேக்குவம் பிரேக்கோ, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்கோ, குழாய் அறுந்தால் வண்டி நிற்கும்.

பல குட்டி ரயில் கிளப்புகள் இதே வேக்குவம் பிரேக்கைச் சிறிய அளவில் செய்து பெட்டிகளில் பொருத்தியிருக்கின்றன. முடியாத இடத்தில் கடைசிப் பெட்டியில் கைப்பிரேக்கோடு ஒரு கார்டு உட்காருகிறார். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருப்பார், யாராவது எழுந்தால் விசில் ஊதுவார். நான் நம் ஊரில் பார்க்கும் குட்டி ரயில்களில் இன்ஜினில் மட்டும்தான் பிரேக். பெட்டிகளை இணைப்பது ஒரு பின். அந்தப் பின் மேலே எழும்பி வராமல் பூட்ட வேண்டிய ஸ்பிளிட் பின் இருக்கும் இடத்தில் கட்டுக்கம்பி, சில இடங்களில் அதுவும் இல்லை. கடைசிப் பெட்டியில் பிள்ளைகள் மட்டும்தான்.

அடுத்தது வளைவு. பொருட்காட்சி மைதானத்தில் இடம் விலை என்பதால் பாதையை இறுக்கமாக வளைத்துப் போடுகிறார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 600 மில்லிமீட்டர், வளைவின் ஆரம் 6 மீட்டர், ஆட்களோடு சேர்த்துப் பெட்டியின் எடை மையம் தண்டவாளத்துக்கு மேலே 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் உள்பக்கச் சக்கரம் தூக்கத் தொடங்கிவிடும். சைக்கிளில் சாதாரணமாகப் போகும் வேகம் அது. பெட்டியில் இருப்பவர்கள் அம்மா அப்பாவுக்குக் கை காட்ட வெளிப்பக்கம் சாய்ந்து, எடை மையம் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் அந்த வேகம் 13 ஆகக் குறைந்துவிடும். பாதை சமமாக, இணைப்புகள் இறுக்கமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. மரக்கட்டைமேல் தற்காலிகமாகப் போட்ட தண்டவாளம், முதல் மழைக்கு ஒரு பக்கம் அமுங்கும். அதனால் கணக்கில் வரும் வேகத்தில் பாதிக்குமேல் போகக் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறேன். வேகம் பாதியானால் பக்கவாட்டில் தள்ளும் விசை கால் பங்காகிவிடும். டிரைவர் மனக்கட்டுப்பாட்டை நம்பாமல், ஆக்சிலரேட்டர் அதற்குமேல் போகாதபடி தடுப்பு வைக்கச் சொல்கிறேன்.

2024 ஜூனில் சண்டிகரில் ஒரு வணிக வளாகத்துக்குள் ஓடிய ரயிலின் கடைசிப் பெட்டி திரும்பும்போது கவிழ்ந்து 11 வயதுச் சிறுவன் இறந்தான். தண்டவாளமே இல்லாமல், பளபளப்பான தரையில் சக்கரத்தில் ஓடும் வகை அது. மதுரையிலும் வணிக வளாகங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். தரை வழவழப்பாக இருப்பது பாதுகாப்பு ஆகாது.

ஆய்வாளர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் ஸ்பார்டன்பர்க் நகரப் பூங்காவில் 2011 மார்ச்சில் குட்டி ரயில் வேகமாகப் போய்த் தடம்புரண்டு, 6 வயதுச் சிறுவன் இறந்தான். சில நாட்களுக்கு முன்புதான் அதற்குச் சான்று கொடுத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்திருந்ததால் வண்டியை ஓட்டியே பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக ஆய்வாளர் பிறகு ஒப்புக்கொண்டார். என்னிடமும் "நேத்துதான் சார் மாட்டினோம், ஓட்டிக் காட்ட டீசல் இல்ல, நீங்க எழுதிக் குடுங்க, கலெக்டர் ஆபீஸ்ல கேக்குறாங்க" என்று சொல்வதுண்டு. ஓடாத வண்டிக்கு நான் எழுதுவதில்லை. ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்வேன். சில ஏற்பாட்டாளர்கள் அதோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஏற்றுவதற்கு முன் ஒரு சுற்று வண்டி ஓடுவதை நின்று பாருங்கள். வளைவில் பெட்டி குதித்தாலோ, சக்கரம் கிறீச்சிட்டு ஒரு பக்கம் தூக்கினாலோ ஏற்றாதீர்கள். கடைசிப் பெட்டியில் பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் அதில் உட்காருங்கள், சின்னப் பிள்ளையை வளைவின் உள்பக்கம் வைத்து நீங்கள் பக்கத்தில் இருங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், சக்கரம் வெளியே தெரியும் பெட்டிகளில் துணி சிக்கினால் கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. வண்டி ஓடும்போது படம் எடுக்கப் பாதைக்குள் போகாதீர்கள், பிள்ளையைக் கை காட்டச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. மதுரை ரயில்வே காலனியிலும் அரசரடியிலும் மீட்டர் கேஜ் காலத்து ஃபிட்டர்களும், தண்டவாளத்தை நடந்தே பார்த்து வந்த கீமேன்களும், கார்டுகளும் ஓய்வுபெற்று இருக்கிறார்கள். தண்டவாள இணைப்பைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே போல்ட் தளர்ந்ததைச் சொல்லும் காது அவர்களுடையது. பொன்மலைப் பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜினே செய்திருக்கிறார்கள், அந்தத் திறமை நம் பக்கத்திலேயே இருக்கிறது. கப்பலூரிலும் புதூரிலும் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஒரு பள்ளி மைதானத்து ஓரமாக ஏழே கால் அங்குலப் பாதை போட்டு, இவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை வைத்து நடத்தலாம். புடாபெஸ்ட் நகரில் 1948-லிருந்து பிள்ளைகளே டிக்கெட் கொடுத்து, சிக்னல் பார்க்கும் ரயில் ஓடுகிறது. இன்ஜினை மட்டும் பெரியவர்கள் ஓட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் பிரேக்கையும் கேஜையும் கையால் தொட்டுக் கற்றால், நாளைக்குப் பொருட்காட்சியில் தப்பான பின்னைப் பார்த்ததும் அவர்களே கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். இடம் தர ஒரு பள்ளி யோசிக்கிறது. தண்டவாளத்துக்கு முன்னால் நாங்கள் எழுதத் தொடங்கியிருப்பது விதிப் புத்தகம்: யார் ஓட்டலாம், யார் கார்டு, தினமும் காலையில் முதல் வண்டிக்கு முன் எந்தெந்த இணைப்பைப் பார்த்து யார் கையெழுத்துப் போடுவது. பாதையில் நிற்கும் யார் கை காட்டினாலும் வண்டி நிற்க வேண்டும், நிறுத்தியதற்காக அவரை யாரும் ஒரு சொல் கேட்கக் கூடாது என்பதை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறோம்.