தகவமை மறுபயன்பாடு

கட்டப்பட்ட நோக்கம் முடிந்துபோன கட்டடத்தை இடிக்காமல், வேறொரு பயனுக்கு ஏற்ப மாற்றி ஆள்வதைக் கட்டடக்கலையில் 'அடாப்டிவ் ரீயூஸ்' என்பார்கள். தமிழில் அதைத் 'தகவமை மறுபயன்பாடு' எனலாம். பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் 1900இல் திறக்கப்பட்டது. பின்னர் வந்த நீண்ட மின்ரயில்களுக்கு அதன் நடைமேடைகள் போதவில்லை. 1939இல் நெடுந்தூர வண்டிகள் நின்றுவிட்டன. கட்டடமோ உறுதியாகவே இருந்தது. 1986இல் அது அருங்காட்சியகமானது.

'அடாப்ட்' என்பதன் வேர் இலத்தீன். 'அட்' என்றால் நோக்கி. 'ஆப்டஸ்' என்றால் பொருந்தியது. தமிழில் இதற்கு நேராக நிற்பது 'தகு' என்னும் வேர். அதிலிருந்து வந்த 'தகவு' (தகுதி, பொருத்தம்) பழஞ்சொல். 114ஆம் குறளில் 'தகவிலர்' என்று வருகிறது. உயிரியல் பாடநூல்கள் 'தகவமைப்பு' என்பதை ஏற்கெனவே பழக்கப்படுத்திவிட்டன. 'தகவமை மறுபயன்பாடு' என்றால் வினைத்தொகை, சொல்லவும் எளிது.

புழக்கத்தில் உள்ள மற்றச் சொற்கள் வேறு வேலைகளைக் குறிப்பவை. புதுப்பித்தலில் பயன் மாறவேண்டியதில்லை. மீட்டமைப்பு பழைய தோற்றத்துக்குத் திருப்புவது. மறுசுழற்சி என்றால் கட்டடமே மிஞ்சாது, செங்கல்லும் இரும்பும்தான் மிஞ்சும். வெறும் 'மறுபயன்பாடு' என்றாலும் குறைதான்: பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்து வாடகைக்கு விடுவதும் அதில் அடங்கிவிடும்.

தகவு முதலில் சோதிக்கப்படுவது தளத்தில். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஆட்கள் நின்று கூடும் அரங்குக்கு 400 முதல் 500 கிலோ வேண்டும். ஆகவே பழைய மாளிகையின் மாடியில் நூலகமோ நடன அரங்கோ வைக்குமுன் மர உத்தரங்களைப் பார்க்க வேண்டும், அதிலும் சுவருக்குள் புதைந்த முனைகளை. ஈரம் தேங்கி முதலில் உளுப்பது அங்கேதான். நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாற்றம்தான். கூடுதல் தளம் தேவையென்றால் பழைய சுவரில் துளையிடாமல், தனி அடித்தளத்தில் நிற்கும் எஃகுச் சட்டகம் நல்லது. நாளை பயன் மாறினால் கழற்றிவிடலாம்.

அடிக்கடி நடக்கும் கேடு சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள்ளேயே உப்பு படிகமாகும். சில ஆண்டுகளில் செங்கல் முகம் பொரிந்து உதிரும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்ற பழைய கலவையே அங்கே சரி. தீ போன்ற ஆபத்தில் வெளியேறுவதற்கான இரண்டாவது படிக்கட்டையும் வரைபடக் கட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். கடைசியில் நினைவுக்கு வந்தால் நல்ல முகப்பொன்றை உடைக்க நேரும்.

சமூகக்கூடமாக மாறியவற்றில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரிலுள்ள 'செஸ்க் பொம்பெயா' சிறந்த எடுத்துக்காட்டு. பீப்பாய்த் தொழிற்சாலையாக இருந்த அதன் செங்கல் கொட்டகைகளைக் கட்டடக்கலைஞர் லினா போ பார்டி அப்படியே வைத்துக்கொண்டார். அவற்றில் பட்டறைகளும் அரங்கும் நூலகமும் வந்தன. பழைய கூடத்துக்குள் அடங்காத விளையாட்டுத் தளங்களுக்கு மட்டும் பக்கத்தில் கான்கிரீட் கோபுரங்களை எழுப்பினார். எதைக் கட்டடத்தின் மேல் திணிக்கக்கூடாது என்ற இந்த முடிவுதான் தகவு.

வினையாகவும் ஆளலாம்: 'சந்தையைத் தகவமைத்து நூலகமாக்கினர்.' முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் புதுக் கோபுரம் கட்டுவதற்கு இச்சொல் பொருந்தாது. அதை 'முகப்புப் பேணல்' என்றே சொல்லலாம்.