நிறுத்தச் சொன்னது நான்தான்

அந்த அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. நம்பியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறவர். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊரையும் வயதையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) மூட்டுவலிக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தவர். ஒருநாள் நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, மருமவன் சிங்கப்பூர்லிருந்து சைனா மாத்திரை கொண்டாந்து குடுத்தாருங்க. மொளகாட்டம் கருப்பா, குட்டிகுட்டியா இருக்குதுங்க. எட்டு மாசமா அதைத்தான் தின்னுட்டிருக்கறனுங்க. இப்பப் பாருங்க, ஆட்டை ஓட்டிக்கிட்டு வாய்க்கால் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்தர்றேன்."

வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் அந்த டப்பாவைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதையெல்லாம் குப்பையில போடுங்கம்மா, கிட்னி போயிரும்" என்று ஒரு அதட்டல் போட்டு அனுப்பிவிட்டேன். சொன்னபடி கேட்கிற மனுஷி. வீட்டுக்குப் போனதும் குப்பையில் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து வேனில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. பிரஷர் 80/50. சர்க்கரை 58. ரத்தத்தில் சோடியம் 121. எல்லாமே ரொம்பக் குறைவு. காய்ச்சலும் வாந்தியும் மட்டும் இவ்வளவு தூரம் இழுத்துவிடாது. முகத்தைப் பார்த்தேன், நல்ல உருண்டை. முன்னங்கையில் தோல் காகிதம்போல மெலிந்து, அங்கங்கே நீலத் திட்டு. கூட வந்த மகள், "அம்மா இந்த வருசம் நல்லாப் பூசினாப்ல ஆயிட்டாங்களேன்னு சந்தோசப்பட்டமுங்க" என்றாள். அந்தப் பூசினாப்ல என்ற வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது: அந்தக் கருப்பு மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. உடம்புக்கு வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோனை அது தினமும் சுரக்கிறது. ஸ்டீராய்டு மருந்து அதேபோல வேலை செய்வது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், 'நமக்கு இனி வேலையில்லை' என்று சுரப்பி தூங்கிவிடும். வெளியிலிருந்து வருவதைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழுந்திருக்காது. அந்த நேரத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும். ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல், கார்டிசோலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் குளுக்கோஸும் போட்டோம். சாயங்காலம் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். பிறகு வந்த ரிப்போர்ட்டில் கார்டிசோல் கிட்டத்தட்ட தரைமட்டம்.

மாத்திரையை ஆய்வுக்கு அனுப்பலாம் என்றால், அதுதான் குப்பைக்குப் போய்விட்டதே, நான் சொன்னபடியே.

மூட்டுவலிக்கு 'மூலிகை' என்று விற்ற கருப்பு உருண்டைகளில் வலி மாத்திரைகளையும் ஸ்டீராய்டையும் கலந்திருந்தது 1970-களிலிருந்தே பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இண்டோமெத்தசின், ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி மருந்துகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. சீன மருத்துவத்தின் பெயரில் நடக்கிற கள்ளக் கலப்படம் இது. சீன மருத்துவத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்திலும் பேர் ஒட்டாத பொட்டலத்தில் வருகிற 'மூட்டுவலிப் பொடி'யில் இதே சங்கதி உண்டு. இரண்டே நாளில் வலி பறந்துபோகிறது, பசி நெருப்பாய் எடுக்கிறது, முகம் பூரிக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

இதைச் சொல்கிற எனக்கே அன்று அது தோன்றவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'நிறுத்து' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கோபி, பெருந்துறை, திருப்பூர், எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் 'அக்குபங்சர், மருந்தில்லா மருத்துவம்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. உள்ளே ஹீலர் என்று ஒருவர் நாடி பார்த்து, ஒரே புள்ளியில் விரலால் தொடுவார், அல்லது ஒரு ஊசி வைப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. "இனிமே இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம், டெஸ்ட்டும் எடுக்காதீங்க, உடம்பே சரிபண்ணிக்கும்" என்று ஒரு வாக்கியம் கூடவே வரும். ஊசி ஆபத்தில்லை, அந்த வாக்கியம்தான் ஆபத்து.

பதினான்கு வயதுப் பையன், டைப் 1 சர்க்கரை. இந்த வாக்கியத்தை நம்பி வீட்டில் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் மூச்சு இரைத்துக்கொண்டு வந்தான், வாயில் பழ வாசனை. அவன் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்லே அழிந்துவிட்டது. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் சுரக்க அங்கே ஒன்றும் இல்லை. கோயமுத்தூருக்கு அனுப்பி, ஐசியூவில் மூன்று நாள் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அவன் அப்பா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சைனாக்காரனுக்கெல்லாம் இதுதானுங்களே வைத்தியம்?"

இல்லை. சீன மருத்துவம் மருந்தில்லா மருத்துவமே அல்ல. அதன் பெரும்பகுதி மருந்துதான். நம் நாட்டு மருந்துக்கடையைப்போல ஆளுயரத்துக்கு இழுப்பறைகள், நூற்றுக்கணக்கான வேர்கள், பட்டைகள், தராசில் நிறுத்துக் கலந்து காய்ச்சுகிற கஷாயம். ஊசி அதில் ஒரு கிளை. இன்றைக்குச் சீனாவில் இருக்கிற பாரம்பரிய மருத்துவ மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நடக்கின்றன, நவீன மருந்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சர்க்கரைக்காரரிடம் இன்சுலினைத் தூக்கிப் போடச் சொல்வது நம் ஊர்ச் சரக்கு. சீனாவின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த வழியைப் பார்த்தாலும் இது தெரியும். 1938-இல் ஜப்பான் படையெடுப்பால் அல்லாடிய சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்துபோனார். உடன் போன பிஜய் குமார் பாசு திரும்பி வந்து, பிற்பாடு மறுபடி சீனா சென்று ஊசி முறையைக் கற்றுக்கொண்டு கல்கத்தாவில் ஆரம்பித்தார். அவர் நவீன மருத்துவம் படித்த டாக்டர். (பழனிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் நம்ம போகர் சீனாவுக்குப் போய்ச் சொல்லிக்குடுத்ததுங்க" என்பார். போகரே சீனாவிலிருந்து வந்தவர் என்று சொல்பவர்களும் உண்டு. பழனி மலைப் படியேறும்போது இரண்டு கதையும் கேட்கலாம்.)

சரி, ஊசி வேலை செய்கிறதா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு முறையான அக்குபங்சர். இன்னொரு பகுதியினருக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகப் பேருக்கு ஊசி. மூன்றாவது பகுதியினருக்கு வழக்கமான மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கும், பேருக்குக் குத்தியதில் 44.2 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. அக்குபங்சர்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் மட்டும் காட்டுவார்கள். என் சக டாக்டர்கள் முதலிரண்டை மட்டும் காட்டிச் சிரிப்பார்கள். மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். புள்ளி எங்கே என்பது பெரிய விஷயமில்லை போலிருக்கிறது. ஆனால் ஒருவர் அரை மணி நேரம் நம்மைப் படுக்கவைத்து, வலிக்கிற உடம்பைத் தொட்டு, பொறுமையாகக் கேட்கிறாரே, அதில் ஏதோ இருக்கிறது. ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம் ஒதுக்குகிற எனக்கு அந்த 27.4 கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஆகவே திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர்டேபிளில் பத்து மணி நேரம் குனிந்து தைக்கிற ஒருவர், கழுத்துவலிக்கு ஊசி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் தடுப்பதில்லை. "ஊசியில மருந்து இருக்குதுங்களா" என்று கேட்பார்கள். இல்லை, முடிபோல மெல்லிய வெறும் கம்பி. உங்கள் கண் முன்னால் புது உறையைப் பிரிக்கிறாரா என்று பாருங்கள், பழைய ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம். தோள்பட்டையிலும் முதுகிலும் ஆழமாகப் போனால், அதுவும் ஒல்லியான உடம்பில், நுரையீரலில் ஓட்டை விழும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ஊசி வைத்த அன்று நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால் நேராக எமர்ஜென்சிக்கு வாருங்கள்.

கீமோதெரபி வாந்திக்கு மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல்கடை தள்ளி உள்ள புள்ளியை அழுத்துவதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அதையும் வாந்தி மாத்திரையோடு சேர்த்துத்தான்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. முள்முள்ளாகக் குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பைத் தயவுசெய்து போடாதீர்கள். பாதம் மரத்துப்போனவருக்குக் குமிழ் குத்துவதே தெரியாது. மாதத்துக்கு ஒரு காலாவது இந்தப் புண்ணோடு வருகிறது. 'இலவச டெமோ' என்று சூட்டு மெத்தையில் படுக்கவைக்கிற இடங்களிலும் இதே கதைதான், சூடு தெரியாமல் வெந்துபோகும்.

மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது என்பதற்கும், மூலிகை என்றால் வெறும் புல்லு என்பதற்கும் சேர்த்து ஒரே பதில் சீனாவில் இருக்கிறது. 1967-இல் மலேரியாவுக்கு மருந்து தேடி அங்கே ஒரு ரகசியத் திட்டம் ஆரம்பித்தார்கள். அதில் சேர்ந்த டூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய ஏடுகளைப் புரட்டினார். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு எலிகளிடம் ஒரு தடவை கேட்டது, மறுதடவை கேட்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய ஓர் ஏட்டில், ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குடி என்றிருந்தது. காய்ச்சு என்று இல்லை. கொதிக்கவைத்தால் சத்து போய்விடுமோ என்று ஈதர் என்ற திரவத்தில், குறைந்த சூட்டில் பிரித்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் சாம்பிள் எலியின் மலேரியாவை முழுதாக ஒழித்தது. தாமே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார்கள். அதுதான் ஆர்டிமிசினின். இன்று மூளை மலேரியாவுக்கு நாங்கள் போடுகிற ஊசி அதன் வாரிசு. 2015-இல் நோபல் பரிசு. 190 சாம்பிள் தோற்றதையும் எழுதிவைத்தார்களே, அதைத்தான் நம் 'பாட்டி வைத்தியம்' வாட்ஸ்அப் குழுக்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதே சீன மருந்துப் பெட்டியிலிருந்து வந்த இன்னொரு கதை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒன்றுபோல இருந்ததால் ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்து வேர் சேர்ந்துவிட்டது. பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இது எங்கோ நடந்தது என்று விட்டுவிட முடியாது. நம் மானாவாரிக் காட்டில் தரையோடு படர்கிற ஆடுதீண்டாப்பாளையும், பாம்புக்கடிக்கு அரைத்துக் கொடுக்கிற ஈஸ்வரமூலியும் அதே இனம். ஆடு தீண்டாததற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னும் சாதுவானது அதிமதுரம். சீனக் கஷாயங்களில் அதிகம் சேர்கிற சரக்குகளில் ஒன்று, நம் இருமல் மருந்துகளிலும் உண்டு. நாலு நாள் சுவைத்தால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் வேகமாக இறங்கும். கால் துவண்டுபோய், நெஞ்சு படபடக்க வந்தவர்களிடம் இரண்டு தடவை இதைக் கண்டுபிடித்திருக்கிறேன். இதயத்துக்கு வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டான்ஷென், ஜிங்கோ மாதிரி மூலிகைச் சரக்குகளைத் தொட்டால் ரத்தக்கசிவு ஆபத்து.

இப்போது என் மேசையில் முதல் கேள்வி மாறிவிட்டது. 'வேற ஏதாவது சாப்பிடறீங்களா' என்று கேட்டால் 'இல்லீங்க' என்றுதான் வரும். திட்டு விழும் என்று தெரியும். "வீட்டுல இருக்கிற மருந்தெல்லாம் பையில போட்டு எடுத்துட்டு வாங்க, பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தர்றேன்" என்கிறேன். அந்தத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்ற சொல்லுக்குத்தான் பை வருகிறது.

அந்த அம்மா ஸ்டீராய்டை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் வந்தபோது மஞ்சப்பையை அவராகவே மேசையில் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில்.

"இருமலுக்கு அக்கா மவ வாங்கியாந்து குடுத்ததுங்க. ரண்டு மாசமாக் குடிக்கறனுங்க. நானா நிறுத்துலீங்க. திட்டாம, பார்த்துட்டுச் சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். மூன்றாவது வரியில் அதிமதுரம். "கையை நீட்டுங்கம்மா" என்று பிரஷர் பட்டையைச் சுற்றினேன்.