கேம்கார்டர் வாங்கும் முன் மைக் சாக்கெட்டைப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் சேரும் சமயத்தில் என் சர்வீஸ் கடையில் ஒரே கேள்விதான். "அண்ணே, குறும்படம் எடுக்கணும். கம்மி விலையில எந்தக் கேம்கார்டர் வாங்கலாம்?" கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டு, அது சரிப்பட்டு வரவில்லை என்று பையோடு தூக்கி வந்தவர்கள். பெரும்பாலும் அது அப்பா சீட்டு எடுத்தோ அம்மா நகையை அடகு வைத்தோ கொடுத்த பணமாக இருக்கும். வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணம் தப்பித்திருக்குமே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

முதலில், அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்களை நம்பாதீர்கள். '4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று ஆன்லைனில் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு விற்கிறார்களே, அந்தப் பெயர் தெரியாத கேமராக்களில் லென்ஸ் நகரவே நகராது. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதைத்தான் ஜூம் என்கிறார்கள். கடை வாசலில் நின்று தெருக்கோடியில் இருக்கும் ஒரு போர்டை ஜூம் செய்து பாருங்கள். லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் என்றால் எழுத்து கூர்மை குறையாமல் கிட்ட வரும். வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் என்றால் எழுத்தின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அலங்காநல்லூரில் தடுப்புக்கு வெளியே நின்று வாடிவாசலைப் பிடிக்க ஆப்டிகல் ஜூம்தான் கைகொடுக்கும். கேம்கார்டரை வாங்கத் தூண்டும் உண்மையான காரணம் அதுதான்.

அடுத்தது சத்தம். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்தில் எடுத்த ஒரு காட்சியை ஒரு தம்பி கொண்டுவந்து காட்டினார். காலை வெயில், பாறை, தாமரைக்குளம் எல்லாம் அவ்வளவு அழகு. தாத்தாவும் பேரனும் பேசும் காட்சி அது. காற்று 'புர்' என்று இரைவதைத் தவிர ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கேமராவில் இருக்கும் மைக்குக்கு, பத்தடி தள்ளிப் பேசுபவரைவிடக் காற்றும் கேமராவைப் பிடித்திருக்கும் கையும்தான் பக்கம். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிடுவார்.

அதனால் மைக் சாக்கெட், முடிந்தால் ஹெட்போன் சாக்கெட்டும் உள்ள கேமராவைத் தேடுங்கள். நம் பிள்ளைகள் அதிகம் கேட்கும் சோனி சிஎக்ஸ் 405-ல் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு, கைக்கும் அடக்கம். ஆனால் வெளி மைக் செருக சாக்கெட் கிடையாது. படத்தைப் பதியும் சில்லான சென்சாரும் 1/5.8 அங்குலம்தான்; இன்றைய நடுத்தர விலை செல்போன்களில் இருப்பதைவிடச் சிறியது. பகலில் பிரமாதமாக எடுக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை இருட்டில் படம் முழுக்கப் புள்ளி தட்டும்.

ஏற்கெனவே அதை வாங்கியிருந்தால் கவலைப்பட வேண்டாம். நடிப்பவரின் சட்டைக்குள் காலர் மைக்கை வைத்து, செல்போனில் தனியாகப் பதிவு செய்யுங்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் லென்ஸுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு கைதட்டலையும் ஒரே இடத்தில் வைத்தால் உதடும் சத்தமும் சேர்ந்துவிடும். செல்போன் மைக்கின் செருகுமுனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமரா மைக்கில் இரண்டு. மாற்றிச் செருகினால் சத்தம் ஒழுங்காகப் பதியாது. இடையில் ஒரு சின்ன அடாப்டர் போட வேண்டும்.

இன்னொரு சிக்கல், "அமெரிக்காவில இருந்து மாமா கொண்டாந்தாரு" என்று வரும் கேமரா. வெளியில் நன்றாக எடுக்கும். கல்யாண மண்டபத்துக்குள் போனால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், வெளிச்சம் துடிக்கும். கேமரா பழுதில்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே விற்கும் கேமரா நொடிக்கு 30 அல்லது 60 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும், ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, தானாக 1/60 நொடியில் வைக்கும். நம் விளக்கோடு அது ஒத்துப்போகாது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்ற முடிந்தால் துடிப்பு நின்றுவிடும். சாதாரண ஹேண்டிகேம்கள் பலவற்றில் அதற்கு வழியே இருக்காது. மெனுவில் நம் ஊர் கரண்டுக்கு ஒத்துப்போகும் பால் (PAL) முறை, அதாவது நொடிக்கு 25 அல்லது 50 ஃப்ரேம், இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை. நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் மினிடிவி கேசட் கேமரா இரண்டாயிரத்துக்குக் கிடைத்தாலும் வேண்டாம். கேசட்டுக்கு அலைய வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் என்ற பழைய வகை போர்ட் வேண்டும், இன்றைய லேப்டாப்களில் அது கிடையாது. கார்டு கேமரா என்றால் லென்ஸை மூடி, ஒரு நிமிடம் வெறும் இருட்டைப் பதிவு செய்து பெரிய திரையில் பாருங்கள். வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோ கோடோ தெரிந்தால் சென்சார் அடிவாங்கியிருக்கிறது. கோயில் திருவிழாக் கச்சேரி மேடைகளில் சுழலும் லேசர் விளக்கு நேராகப் பட்டாலே இப்படி ஆகும். சென்சாரை மாற்றும் செலவில் வேறு கேமராவே வாங்கிவிடலாம். அப்புறம் செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை.

கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். வி30 (V30) என்ற வேகக் குறி போட்ட கார்டாகப் பார்த்து, நம்பகமான கடையில் பில்லோடு வாங்குங்கள். போலிக் கார்டு முழுதாகப் பதிந்தது போலக் காட்டும்; வீட்டுக்கு வந்து திறந்தால் பாதிப் படம் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை சோதித்துவிட்டுப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோங்கள்.

கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் கேமராவே வாங்க வேண்டாம் என்பேன். இருக்கிற செல்போன் போதும். ஒரு காலர் மைக், ஆட்டம் இல்லாத ஒரு ட்ரைபாட், காற்றுக்கு மைக்கில் மாட்டும் பஞ்சு உறை, இவற்றுக்கு ஐந்தாயிரத்துக்குள் செலவழியுங்கள். மீதியைப் படப்பிடிப்பு நாள் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் வையுங்கள். 30,000 இருந்தால் 22,000 வரை கேமராவுக்கு. மைக்குக்கும் ட்ரைபாடுக்கும் உள்ள பங்கில் கை வைக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கார்டு, மைக், ஹெட்போன் மூன்றையும் எடுத்துப் போங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு நண்பரை நிறுத்திப் பேசவிட்டுப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். கடைக்காரரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காமல் கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.