டிராஃப்ட்: முறைத்தெரிவும் அதன் கடைமடையும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் பத்தியிலேயே என்னைத் தடுத்து நிறுத்தும் சொல் 'டிராஃப்ட்'. கல்லூரியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை 30 அணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் ஆண்டுச் சடங்கு அது. தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டால் 'வரைவு' என்று வருகிறது. "டோனி பார்க்கர் 2001 வரைவில் 28வதாக வரைவு செய்யப்பட்டார்" என்று படித்தால் யாருக்கு என்ன புரியும்? வரைவுச் சட்டம், வரைவு வாக்காளர் பட்டியல் என்று பழகிய கண்ணுக்கு, பாவம், பார்க்கர் இன்னும் இறுதி செய்யப்படாத ஒரு காகிதம்போலத் தெரிவார்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'இழு' என்று பொருள்படும் 'டிரா'வின் வீட்டுப் பிள்ளை. வண்டி இழுக்கும் மாடு, பீப்பாயிலிருந்து இழுத்து ஊற்றும் பீர், புகைபோக்கி இழுக்கும் காற்று, காகிதத்தில் இழுக்கும் கோடு, கணக்கிலிருந்து இழுக்கும் பணம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கோட்டிலிருந்து வந்த பொருளுக்கு நாம் 'வரைவு' என்றோம், மிகச் சரி. வங்கி டிடி 'வரைவோலை' ஆனது, அதுவும் நிலைத்துவிட்டது. ஆனால் விளையாட்டுக்கு வந்த பொருள் வேறு கிளையிலிருந்து வந்தது. பெரிய படையிலிருந்து ஒரு சிலரை வேறு பணிக்குப் பிரித்து இழுப்பதற்கும், பிற்பாடு குடிமக்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுப்பதற்கும் அதே சொல் வழங்கியது. ஒரு திரளிலிருந்து ஆளை இழுத்தெடுப்பது என்பதுதான் இங்கே உயிரான பொருள். கோட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

விளையாட்டில் இதைத் தொடங்கியது அமெரிக்கக் கால்பந்து. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, கடைசி இடம் பிடித்த அணி முதலில் எடுக்கட்டும் என்றார். 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. கூடைப்பந்துக்கு 1947இல் வந்தது. இரண்டு விளையாட்டிலுமே முதன்முதலாகப் பெயர் சொல்லப்பட்டவர்கள், ஜே பெர்வாங்கரும் கிளிஃப்டன் மெக்நீலியும், அந்தத் தொழில்முறைப் போட்டிகளில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அணிக்குக் கிடைப்பது ஆள் இல்லை, அந்த ஆளோடு ஒப்பந்தம் பேசும் தனி உரிமை மட்டுமே என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வரைவு' என்பதற்காக வாதாட ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சங்க அகப்பாடல்களில் வரைதல் என்றால் மணந்துகொள்வது. தலைவியை ஊரறிய உன்னுடையவளாக்கிக்கொள் என்று தோழி தலைவனை நெருக்குவதை 'வரைவு கடாதல்' என்பார்கள். ஊர் பார்க்க மேடையேறி ஒரு வீரரைத் தன் அணிக்கு உரியவராக அறிவிப்பதும் ஒரு வரைவுதானே என்று கேட்கலாம். அழகான வாதம். ஆனால் இன்றைக்கு அந்தப் பொருள் இலக்கிய வகுப்போடு நின்றுவிட்டது. விளையாட்டுச் செய்தியில் அது எடுபடாது.

'தேர்வு' என்று வைக்கலாமா? தமிழ்நாட்டில் தேர்வு என்றாலே பரீட்சை. 'முதல் சுற்றுத் தேர்வு' என்று எழுதிப் பாருங்கள், முதல்நிலைத் தேர்வு எழுதப்போகும் போட்டித் தேர்வாளர்தான் கண்முன் வருவார். இந்த இடத்தில் ஈழத்தமிழ் கைகொடுக்கிறது. அங்கே பரீட்சை பரீட்சையாகவே இருக்கிறது, ஒருவரைத் தேர்ந்தெடுப்பது 'தெரிவு'. அதை நாமும் எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

அதற்கு முன்னொட்டு என்ன? இந்த இடத்தில் ஐபிஎல் ரசிகர்கள் தவறாமல் 'ஏலம்' என்பார்கள். ஏலத்தில் விலை பேசும், டிராஃப்டில் முறை பேசும். எவ்வளவு பணம் இருந்தாலும் உன் முறை வரும்வரை வாயைத் திறக்க முடியாது. ஐபிஎல்லிலேயே ஒருமுறை இது நடந்திருக்கிறது. சென்னையும் ராஜஸ்தானும் தடை செய்யப்பட்டபோது, 2015 டிசம்பரில் புனே, ராஜ்கோட் என்ற இரண்டு புது அணிகள் அந்த வீரர்களை மாறி மாறி எடுத்தன. முதல் முறையில் புனே தோனியை எடுக்க, அடுத்து ராஜ்கோட் ரெய்னாவை எடுத்தது. நம்மில் பலர் நெஞ்சு கனக்கப் பார்த்த அது டிராஃப்டேதான்.

ஊர் விளையாட்டில் 'உத்தி பிரித்தல்' என்று ஒன்று உண்டு. சமபலமுள்ள இருவர் தனியே போய் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு வந்து, "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" என்று கேட்க, இரண்டு தலைவர்களும் முறை வைத்துச் சொல்வார்கள். டிராஃப்டுக்கு மிக அருகில் வரும் நம் வழக்கம் இது. ஆனால் உத்தியில் பழத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் கேட்க வேண்டும். டிராஃப்டில் எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். தவிர, 'உத்தி' என்றால் இன்று வியூகம் என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குச் சரியான சொல் வயலில்தான் கிடைத்தது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதை 'முறைப்பாசனம்' என்கிறோம். அதேபோல டிராஃப்டை 'முறைத்தெரிவு' எனலாம். இந்தச் சொல்லை எடுத்தவுடன் இன்னொரு சொல் தானாகவே கூட வருகிறது: கடைமடை. முதல் சுற்றில் வழக்கமாக 30 பெயர்கள். பிளே ஆஃபுக்குப் போகாத 14 அணிகளில் முதல் நான்கு முறைகள் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். 1985இல் வந்த ஏற்பாடு அது. மற்ற 16 அணிகள் வெற்றிக் கணக்கின் தலைகீழ் வரிசையில் நிற்கும். வாய்க்காலில் வலுத்தவன் தலைமடையில் இருப்பான். இங்கே வலுத்தவனைக் கொண்டுபோய்க் கடைமடையில் நிறுத்துகிறார்கள். 25க்கு மேல் எடுக்கும் அணி என்றால் பெரும்பாலும் ஏற்கனவே நன்றாக ஆடும் அணி, அல்லது அப்படிப்பட்ட அணியிடமிருந்து முறையை வாங்கிய அணி.

கடைமடையில் நிற்பவர்களுக்குள் நடக்கும் சண்டைதான் எனக்குப் பிடித்தது. தேவைக்கு எடுப்பதா, திறமைக்கு எடுப்பதா? 2011 ஜூன் 23ஆம் தேதி இரவை எடுத்துக்கொள்ளுங்கள். 62 ஆட்டங்கள் வென்ற சிகாகோ புல்ஸுக்கு 30வது முறை, 61 வென்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு 29வது. நாம் முதலில் பார்த்த டோனி பார்க்கர்தான் ஸ்பர்ஸின் முதன்மை கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். அவருக்கு அடுத்த கார்டாக இருந்த ஜார்ஜ் ஹில்லை ஸ்பர்ஸ் அன்றிரவுதான் இண்டியானா அணிக்குக் கொடுத்திருந்தது. அந்த இடம் காலி. 29வதாக அவர்கள் எடுத்தது கோரி ஜோசப் என்ற 19 வயது கார்டை. அடுத்த பெயர் ஜிம்மி பட்லர்.

பட்லர் பிற்காலத்தில் மயாமி அணியை 2020, 2023 என இரண்டு முறை இறுதிப்போட்டிக்கு இழுத்துப் போனார். ஜோசப் நல்ல மாற்று வீரராக 2014இல் சாம்பியன் அணியில் இருந்தார். ஸ்பர்ஸ் ஏமாந்துவிட்டதா? பட்லர் பெயரைச் சொல்லாமல் அன்று 29 முறைகள் கடந்தன, ஸ்பர்ஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் என் கட்சி திறமைக் கட்சிதான். முதல் சுற்றில் வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். கடைமடையில் அந்தச் சம்பளமும் குறைவு. நான்கு ஆண்டுகள் குறைந்த செலவில் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பை, இந்த ஆண்டு காலியான பெஞ்சு இடத்துக்காகச் செலவழிப்பது எனக்கு உறுத்துகிறது. மாற்று கார்டு வேண்டுமென்றால் அனுபவசாலி யாராவது கிடைப்பார்.

ஆனால் அதே இரவு அதே ஸ்பர்ஸ் செய்த இன்னொரு காரியம், டிராஃப்டில் ஓர் எடுப்பைக் குறிக்கும் 'பிக்' என்ற ஆங்கிலச் சொல்லையே இரண்டாகப் பிளந்து காட்டுகிறது. ஹில் யார்? 2008இல் 26வதாக, கடைமடையில் எடுக்கப்பட்டவர். அவரைக் கொடுத்து ஸ்பர்ஸ் வாங்கியவற்றில் முக்கியமானது, இண்டியானா 15வதாக எடுத்திருந்த கவாய் லெனர்டின் உரிமை. மூன்று ஆண்டுகள் கழித்து இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் அவர்தான். "26வது பிக்கை வைத்து லெனர்டை வாங்கினார்கள்" என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது பிக் என்பது ஹில் என்ற மனிதர். "அடுத்த ஆண்டு பிக்கைக் கொடுத்துவிட்டார்கள்" என்னும்போது அது இன்னும் ஆளே இல்லாத வெறும் உரிமை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உரிமையைத் 'தெரிவுரிமை' என்போம், ஆளைத் 'தெரிவானவர்' என்போம். விற்பதும் வாங்குவதும் தெரிவுரிமையை. தெரிவானவர் ஒப்பந்தம் போட்டபிறகு மற்ற வீரர்களைப் போல அவரும் ஒரு வீரர்.

இந்தச் சொற்களை வைத்து அந்த இரவை எழுதிப் பார்த்தேன்: 2011 முறைத்தெரிவில், முதல் சுற்றின் கடைமடையில் 29வது தெரிவுரிமையை வைத்திருந்த சான் அன்டோனியோ கோரி ஜோசப்பை எடுத்தது. அடுத்த முறை சிகாகோவுடையது. அவர்கள் சொன்ன பெயர் ஜிம்மி பட்லர்.